மாத்தளை முதல் செம்மணி வரை

ஏ9 வீதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வவுனியாவில்தான் தொடங்குவார்கள். ஆனால் வீதி தொடங்குவது கண்டியில். 321 கிலோமீட்டர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. கண்டியை விட்டதும் வருகிற முதல் பெரிய ஊர் மாத்தளை. அங்கே ஆஸ்பத்திரி வளாகத்தில் 2012 இறுதியில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட 150க்கும் அதிகமானோரின் எச்சங்கள். அவை எந்தக் காலத்தவை என்பதில் இன்றும் இணக்கம் இல்லை. ஆனால் 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களக் குடும்பங்களுக்கு அந்தக் குழி என்ன சொன்னது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உள்நாட்டுப் போர் ஒரு நாட்டை என்ன செய்யும் என்று கேட்டால் நான் முதலில் மாத்தளையைத்தான் காட்டுவேன். வடக்கை அடக்க 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. சில வருடங்களிலேயே அதே சட்டமும் அதே அவசரகால விதிகளும் தெற்குச் சிங்கள இளைஞர்கள் மீது பாய்ந்தன. 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ ஒருங்கிணைப்பு அதிகாரி கோத்தாபய ராஜபக்ச. இருபது வருடம் கழித்து வன்னியில் போர் முடிந்தபோது அவர்தான் பாதுகாப்புச் செயலாளர். அவருடைய அண்ணன் மகிந்த 1990இல் தெற்கில் காணாமற்போனவர்களின் விபரங்களோடு ஜெனீவாவுக்குப் புறப்பட்டபோது விமான நிலையத்தில் அந்த ஆவணங்களைப் பறித்தார்கள். பிறகு மகிந்த ஜனாதிபதியானபோது, அதே ஜெனீவாவில், அவருடைய ஆட்சியைப் பற்றி வடக்குத் தாய்மார் முறையிட்டார்கள்.

தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி. பஸ் வேகமாகப் போகும். மிகிந்தலைக்கு மேற்கே அநுராதபுரத்தில் 1985 மே 14 அன்று புலிகள் 146 பேரைச் சுட்டுக் கொன்றதையும் சொல்லாமல் தாண்டக்கூடாது. 1990 ஒக்டோபரில் அவர்கள் வெளியேற்றிய யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே வந்தவர்களில் பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள்.

வவுனியாவுக்கு அப்பால் ஓமந்தைச் சோதனைச் சாவடி. போர்நிறுத்தம் 2002இல் வந்த பிறகு, இந்தச் சாவடியைக் கடந்தால் புலிகளின் பகுதி: வேறு பொலிஸ், வேறு நீதிமன்றம், வேறு வங்கி, வேறு வரி. நேரம்கூட வேறு. 1996இல் கொழும்பு மாற்றிய நேரத்தைப் புலிகள் ஏற்காததால், 2006 வரை கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்ப வேண்டியிருந்தது. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் இந்தப் பாதையால் கொண்டுபோக முடியாதிருந்தது. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு விளக்கு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை. அந்த விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். மின்சாரம் போனால் அவர்கள் பதறுவதில்லை. ஆனால் வீட்டில் நெருப்புப்பெட்டி தீர விடமாட்டார்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லா வாகனமும் நிற்கும். தமிழரும் சிங்களவரும் தேங்காய் உடைப்பார்கள், சுடச்சுடக் கச்சான் வாங்குவார்கள். இந்த வீதியில் எனக்குப் பிடித்த இடம் இது.

அடுத்து கிளிநொச்சி. புலிகள் பின்வாங்கும்போது தகர்த்த தண்ணீர்த் தாங்கி விழுந்த கோலத்திலேயே பல வருடம் காட்சிப்பொருளாகக் கிடந்தது. ஆனையிறவில் இராணுவ நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. புலிகளின் கனகபுரம் மாவீரர் துயிலுமில்லத்தில் இருந்த கல்லறைகளையோ இராணுவம் இடித்துத் தள்ளியது. ஒரு பக்கத்து மரணத்துக்குக் கல், மறுபக்கத்துக்குப் புல்டோசர் என்று வைத்துக்கொண்டு எந்த அரசும் நல்லிணக்கம் பேச முடியாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பதிலைக் காணாமலே அவர்களில் எத்தனையோ பெற்றோர் இறந்துபோனார்கள்.

பளை, கொடிகாமம், சாவகச்சேரி தாண்டி நாவற்குழிப் பாலம். 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில், வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் இந்தப் பாலத்தால்தான் இடம்பெயர்ந்தது.

நகருக்குள் நுழையுமுன் செம்மணி. 1996இல் ஒரு பாடசாலை மாணவியையும், அவளைத் தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய், இங்கே இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். மறுவருடம் 15 உடல்களை எடுத்ததோடு தோண்டுவது நின்றது. 2025இல் அருகே சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி தோண்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றில் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு குழந்தையின் பக்கத்தில் நீலநிறப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன.

1987–89 கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான தோழர்களை இழந்த ஜே.வி.பி.தான் இன்று ஆட்சியை நடத்துகிறது. 2024 பொதுத்தேர்தலில் அதன் கூட்டணிக்கு யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் கிடைத்தது. மாத்தளைக் குழியின் வேதனை அவர்களுக்குத் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று அவர்களே வாக்குக் கொடுத்தார்கள், அதை நிறைவேற்றட்டும். 2009இல் சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிடட்டும். மாத்தளைக்கும் செம்மணிக்கும் ஒரே விசாரணை, ஒரே நீதி வேண்டும்.