பத்து நிமிஷம் பத்தாது!

வால்வு பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? சைக்கிள் டியூப் வால்வு இல்லீங்க, தாத்தா காலத்து ரேடியோவில் மினுக்கு மினுக்குன்னு எரியுமே, அது! நம்மூர் ஹாம் ரேடியோக்காரர்களின் ரொம்ப நாள் செல்லப்பிள்ளை '807'. கீழே 6.3 வோல்ட்டில் ஹீட்டர், உச்சந்தலைத் தொப்பியில் 600 வோல்ட்!

எனக்கு ஹாம் கத்துக்கொடுத்த பக்கத்துத் தெரு மாமாவோட ஆம்ப்ளிஃபையரில் ஒருநாள் 807 எரியவே இல்லை. ஹீட்டர் அவுட். "மாத்திடுடா"ன்னார். ப்ளக்கைப் பிடுங்கி, சமர்த்தா பத்து நிமிஷம் காத்திருந்து, தொப்பியில் கை வைக்கப் போனேன்.

"டேய், நில்லு!"

பிவிசி குழாய் நுனியில் ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து சேஸிஸுக்கு ஒயர். அதால் தொப்பியைத் தொட்டார். படார்! நீலப் பொறி. கன்டன்சரை வடிய வைக்கிற ரெசிஸ்டர் எப்பவோ கருகிப் போயிருக்கு. ஹீட்டர் போன வால்வும் கரன்ட் இழுக்காது. குடிச்ச 600 வோல்ட்டை அப்படியே வெச்சுக்கிட்டு கன்டன்சர் எனக்காகக் காத்திருந்திருக்கு! மாமி கொடுத்த காபி டம்ளர் என் கையில் தந்தி அடிச்சது.

முதல்ல ரெசிஸ்டரை மாத்தினோம். அப்புறம்தான் வால்வு. கண்ணாடியைப் பிடிச்சுத் திருகாம, அடிப்பாகத்தைப் பிடிச்சு நேரா அழுத்தணும். கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும், பிறகுதான் ஹைவோல்டேஜ். ட்யூனிங் தப்பினா உள்ளே தகடு சிவந்துடும், சட்டுனு திருப்பணும்.

எல்லாம் முடிஞ்சதும் மாமா அந்தக் குழாயை என் கையில் திணிச்சார். "உனக்குன்னு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வா. அப்புறம் மூடியைத் திறக்கலாம்."