சேறு தெரியும் காலம்

மாசி பிறந்துவிட்டால் ஹைதராபாத்தின் ஏரிகள் உள்வாங்கத் தொடங்கும். தை வரைக்கும் கரைக்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் ஞாயிறுக்கு ஞாயிறு பின்னால் போகும். மோதுகு என்று இங்கே சொல்கிற புரசமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூத்து நிற்கும். முள்ளிலவின் சிவந்த பூக்களில் தேன் குடிக்கச் சோளக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கிச் சத்தம் போடும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் இந்த நாட்களில் நான் பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். தண்ணீர் விட்டுப்போன இடத்தில் கறுப்பாக, ஈரமாக, லேசான நாற்றத்தோடு ஒரு பட்டை சேறு தெரியும். ஏரியின் வசந்தம் அந்தப் பட்டையில்தான் நடக்கிறது.

நான் குடியிருக்கும் லிங்கம்பள்ளிக்கு அமீன்பூர் ஏரி பக்கம்தான். பி.எச்.இ.எல். வேலைக்காகத் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் குடியிருப்பின் தெலுங்குப் பிள்ளைகளுமாக ஒரு கூட்டத்தை மாசி, பங்குனியில் ஞாயிறு காலைகளில் ஏரிக்கு அழைத்துப்போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஏரி சிறியது, 93 ஏக்கர். இப்ராஹிம் குதுப் ஷா கோல்கொண்டாவை ஆண்ட 16ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 2016இல் இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். நகரத்தை ஒட்டிய ஒரு நீர்நிலைக்கு இந்தியாவில் இந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல்முறை. ஒரு பக்கம் மருந்து ஆலைகள் நிறைந்த பட்டான்செரு, மறுபக்கம் நாளொரு மாடியாக எழும்பும் அடுக்ககங்கள். இரண்டுக்கும் நடுவில் இந்த ஏரி இன்னும் உயிரோடு இருப்பதே பெரிய காரியம்.

பிப்ரவரியில் முதல் வேலையாக வாத்துகளைப் பார்த்துவிட வேண்டும், பிறகு கிடைக்காது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குளிருக்கு ஒதுங்கி வந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வந்து இறங்கும்போது ஆண், பெண் வேறுபாடே சரியாகத் தெரியாது, எல்லாம் மங்கிய பழுப்பாக இருக்கும். மாசிக்குள் ஆண்கள் புது இறகு போட்டுவிடும். ஊசிவால் வாத்தின் ஆண் சாக்லேட் நிறத் தலையும் வெள்ளைக் கழுத்துமாகப் பெண்ணைச் சுற்றிச் சுற்றி நீந்தும், கழுத்தை நீட்டும், வாலைத் தூக்கும். ஜோடி சேர்வது பெரும்பாலும் இங்கேயே, நம் ஏரித் தண்ணீரிலேயே முடிந்துவிடும். முட்டையிடுவதோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். எந்த ஊருக்குத் திரும்புவது என்று முடிவு செய்வது பெண்தான். தான் பிறந்த பக்கத்துக்கே அது போகும், ஆண் கூடவே போகும். பெண் பார்ப்பது தெலங்கானாவில், பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகெங்கும் ஒரே சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கியது. 2013இலிருந்து இந்தியாவும் சேர்ந்துகொண்டது. விதி எளியது: குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணி எழுத வேண்டும். கைப்பேசியை விட்டுப் பதினைந்து நிமிடம் பிரிந்திருப்பதே பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய விரதம். நாமக்கோழிகளை எண்ணப் புகுந்தால் அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். முக்குளிப்பான் எண்ணும்போதே முங்கிப்போய் வேறு இடத்தில் தலைகாட்டும். "ஆன்ட்டி, இது முன்னமே எண்ணினதா, புதுசா?" என்று ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த ஊர்ப் பறவைகளுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் சாலிம் அலி நிஜாம் அரசின் ஆதரவோடு ஹைதராபாத் சமஸ்தானம் முழுக்கப் பறவைகளை ஆய்வு செய்தார். பின்னால் அவரை நாடறியச் செய்த பணிகளுக்கெல்லாம் அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று. இன்று டெக்கான் பேர்டர்ஸ் போன்ற குழுக்கள் ஏரி ஏரியாகப் போய் அந்தக் கணக்கைத் தொடர்கின்றன.

எண்ணி முடிந்ததும் சேற்றுக்கு வருவோம். ஒரு கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு, பெரியவர்கள் கையில் ரப்பர் கையுறை, இவ்வளவே கருவி. கரையோரத்தில் வலையை ஒரு இழுப்பு இழுத்துத் தட்டில் கவிழ்த்தால் முதலில் வெறும் கலங்கல்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் அந்தக் கலங்கல் நடக்க ஆரம்பிக்கும். தட்டான் இளவுயிரி ஒன்று, பின்பக்கத்திலிருந்து நீரைப் பீய்ச்சிக்கொண்டு சட்டென்று முன்னால் பாயும். நீர்த்தேள் வாலை மேலே நீட்டி மூச்சு விடும். மல்லாந்தே நீந்தும் பூச்சி ஒன்று இருக்கும், நத்தைகள் இருக்கும். சில மூலைகளில் இவை எதுவும் இல்லாமல் சிவப்பு நூல்போலப் புழுக்கள் மட்டும் நெளியும். மனித ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அந்தப் புழுவின் உடம்பிலும் உண்டு. அதனால்தான் ஆக்சிஜன் வற்றிப்போன அழுக்கு நீரிலும் அது பிழைக்கிறது. தட்டான் குஞ்சு கிடைத்தால் தண்ணீர் பரவாயில்லை. சிவப்புப் புழு மட்டும் கிடைத்தால் எங்கோ சாக்கடை கலக்கிறது. ஆய்வகமே இல்லாமல் ஒரு பிள்ளை ஏரியின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியும்.

பட்டான்செரு பக்கத்தில் அப்படிச் சொல்லக் கற்றுக்கொள்வது பொழுதுபோக்கு அல்ல. 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் இங்குள்ள பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரைப் பரிசோதித்தார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அதில் இருந்தது. நோயாளியின் ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு ஏறுமோ அதைவிட இது அதிகம். மருந்துக்கு மசியாத கிருமிகள் பற்றிய உலக விவாதத்தில் அந்த நாள் முதல் பட்டான்செருவின் பெயர் அடிபடுகிறது. நம் பக்கத்து ஏரிகளில் மீன்பிடித்து வாழ்கிறவர்களுக்கு இந்தச் செய்தி எந்த ஆய்வுக்கும் முன்பே மூக்கால் தெரியும்.

அமீன்பூரில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் இருக்கிறார். மழைக்காலத்தில் மீன்குஞ்சு விட்டு, மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் வலை போடுகிற குடும்பம். தண்ணீர் இப்படிக் குறைகிறதே என்று முதல்முறை வந்த ஒரு தகப்பனார் வருத்தப்பட்டபோது மீனவர் சொன்னார்: "இறங்கட்டும் ஐயா. தண்ணி இறங்கினாத்தான் எங்களுக்கும் சாப்பாடு, கொக்குக்கும் சாப்பாடு." வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஏரி நிறைந்திருக்கும்போது மீன் எல்லா இடத்திலும் இருக்கும், அதாவது யாருக்கும் எட்டாது. நீர் சுருங்கச் சுருங்க மீன் திரளும். சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அப்போதுதான் வந்து சேரும். சேறு தெரிந்த இடத்தில் நெடுங்கால் உள்ளான்கள் புழுக்களைக் குத்தித் தின்னும். மண்ணுக்குள் தூங்கிய விதைகள் முளைத்துப் புல் எழும், புல்லுக்கு எருமைகள் வரும், எருமைக்குப் பின்னால் பூச்சி பிடிக்க உண்ணிக்கொக்கு வரும்.

பூநாரைகளும் இந்த நேரத்துக்கு உரியவை. பெரிய பெரிய லென்ஸ்களோடு பாதி நகரம் அவற்றைத் தேடி வரும். பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகைக் கீழே வைத்து, நீரையும் சேற்றையும் அரித்துத் தின்கிற பறவை. ஆழமான ஏரி அதற்குச் சோறு போடாது. முழங்கால் அளவு நீரும் கீழே வளமான சேறும் வேண்டும். அந்தச் சேற்றிலிருக்கும் பாசியிலும் நுண்ணுயிர்களிலும் உள்ள நிறமிகள்தான் இறகில் இளஞ்சிவப்பாக ஏறுகின்றன. படத்தில் தெரிகிற அழகு முழுவதும் காலுக்குக் கீழே தெரியாத சேற்றின் அழகு. ஏரியைச் சுற்றிலும் கல் பதித்து, வருடம் பூராவும் ஒரே மட்டத்தில் நீரை நிறுத்தி, நடுவில் நீரூற்று வைத்து அழகுபடுத்தும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைப்பாக இருப்பது இதனால்தான். அப்படிச் செய்த ஏரியில் நடைபயிற்சி செய்யலாம். ஓர் உள்ளானுக்குக் கால் வைக்க இடம் இருக்காது.

பங்குனி நடுவில் வாத்துகள் போய்விட்டிருக்கும். காய்ந்து வெடித்த ஏரிப் படுகையில் ஆள்காட்டிகள் கூடு வைக்கத் தொடங்கும். கூடு என்று பெயர், தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கூழாங்கல், நடுவில் மண்நிறத்தில் நான்கு முட்டை. ஹைதராபாத் வெயில் நாற்பது டிகிரியை நெருங்கும்போது தாயும் தகப்பனும் மாறி மாறித் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அடைகாப்பது சூடேற்றுவதற்கு என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். இங்கே குளிர வைப்பதற்கு. அதை ஒரு முறை தூரத்திலிருந்து பார்த்த பிள்ளைகள் அந்தப் பக்கம் மோட்டார்பைக் ஓட்டிப் பழக வந்த இளைஞர்களிடம் தாங்களே போய்ப் பேசி வேறு பக்கம் அனுப்பினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் காய்ந்த படுகையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஹைதராபாத்தில் இதற்குச் சிகம் நிலம் என்று பெயர். ஏரி நிறைந்தால் எதுவரை நீர் நிற்குமோ அந்தக் கோட்டை எஃப்.டி.எல். என்பார்கள், முழுக் கொள்ளளவு மட்டம். அதற்கும் வெளியே, 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரியானால் 30 மீட்டர், சிறிய ஏரியானால் 9 மீட்டர், கட்டடம் கட்டக் கூடாத இடைவெளி. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வசந்தத்தில் நீர் விலகியதும் அந்த நிலம் வெறும் நிலமாகத் தெரிகிறது, சிக்கல் அங்கேதான். உள்ளானுக்குச் சாப்பாட்டு மேசையாக இருக்கும் அதே பட்டை மனை விற்பவர் கண்ணுக்கு நாற்பதடிச் சாலையாகத் தெரிகிறது. மழை இல்லாத மாதங்களில் மண் கொட்டப்படும், கல் நடப்படும், ஆடிக்குள் சுவர் எழும். ஏரியை யாரும் ஒரே நாளில் விழுங்குவதில்லை. வற்றிய ஓரத்தைக் கோடைக்குக் கோடை கொஞ்சமாகக் கடிக்கிறார்கள்.

விளைவு இந்த ஊருக்குப் புதிதல்ல. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஆற்றுப்படுகையில் இருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட ஏரிகளில் இருநூறுக்கு மேல் உடைந்திருந்தன. அதற்குப் பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா வந்து வகுத்த திட்டத்தில்தான் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 2020 அக்டோபரில் மறுபடி பெருமழை. ஏரிப் படுகைகளில் எழுந்த காலனிகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. 2024இல் அரசு ஹைட்ரா என்ற அமைப்பை உருவாக்கி, எஃப்.டி.எல்.லுக்குள் கட்டியவற்றை இடிக்கத் தொடங்கியது. அமீன்பூர் வட்டாரத்திலும் இடித்தார்கள். ஏரியைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் கடன் வாங்கி மனை வாங்கி, இடிபாட்டின்மேல் உட்கார்ந்து அழுத குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த எஃப்.டி.எல். கோடு முன்னமே எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது.

நீர் விலகிய ஓரத்தை மனிதர்களே வேண்டுமென்று உண்டாக்கும் இடமும் உண்டு. லண்டனில் பார்ன் எல்ம்ஸ் என்ற இடத்தில் குடிநீருக்காகக் கட்டிய நான்கு பழைய கான்கிரீட் நீர்த்தேக்கங்கள் பயனற்றுப் போயின. பறவையியலாளர் பீட்டர் ஸ்காட் 1946இல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் தொடங்கிய அறக்கட்டளை அவற்றை ஈரநிலமாக மாற்றி 2000இல் மக்களுக்குத் திறந்தது. வசந்தத்தில் அங்கும் பிள்ளைகள் வலையும் தட்டுமாகக் குட்டையோரம் உட்காருகிறார்கள். உள்ளான்களுக்குச் சேறு வேண்டும் என்று அங்கே மதகு வைத்து நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். தக்காணத்து வெயில் அதே வேலையைக் காசில்லாமல் செய்து தருகிறது.

சங்காரெட்டிக்கு அப்பால் மஞ்சிரா சரணாலயத்துக்கும் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போவது உண்டு. ஹைதராபாத் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அந்த நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. இமயத்தைத் தாண்டிப் பறக்கிற வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இறங்கும் இடம் அது. சதுப்பு முதலைகளின் வீடும் அதுதான். தாய் முதலை மாசி, பங்குனியில் நீருக்குச் சற்று மேலே காய்ந்த கரையில் குழி தோண்டி முட்டையிடும். ஏறக்குறைய இரண்டு மாதம் அந்தக் கரை காய்ந்தே இருக்க வேண்டும். முதலைக்கும் நீர் விலகிய நிலம் வேண்டும் என்பது பிள்ளைகளை வாயடைக்க வைத்த செய்தி.

அமீன்பூரில் இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை ஒன்று இருக்கிறது. போகும்போதெல்லாம் நீர் முடிகிற இடத்தில் பிள்ளைகள் ஒரு குச்சி நடுகிறார்கள். பழைய குச்சியிலிருந்து எத்தனை தப்படி என்று அளந்து வரைபடத்தில் கோடு போடுகிறார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே என்ன பார்த்தார்கள் என்று எழுதுகிறார்கள்: இங்கே ஆள்காட்டி முட்டை, இங்கே எருமை, இங்கே பூநாரைக் காலடி, இங்கே லாரி கொட்டிய இடிபாட்டு மண். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் அது வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் இந்த வரைபடம் ஏற வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் கையெழுத்தோடு. ஹைதராபாத்தைச் சுற்றி ஏறத்தாழ 3,000 ஏரிகள். ஏரிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாத பேட்டை குறைவு. ஆண்டுத் தேர்வு முடிந்து, முதல் மழைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வாரம் கிடைக்கிறது. குச்சி நட அது போதும்.