காரைக்காலில் இருந்து கரீபியன் வரை... பேத்தியோடு கப்பல் ஏறிய அப்பாயி!

"ஊறுகாய் பாட்டிலைக் கப்பல்ல விடுவாங்களா தம்பி?"

பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும்போது அந்த 70 வயதுப் பெண்மணி மகனிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாட்டில் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், வீட்டில் போட்டதைத்தான் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றார் மகன். அவர் பெட்டியில் இரண்டுமே இருந்தன. வீட்டில் போட்ட பூண்டு ஊறுகாய் ஓர்லியைத் தாண்டவில்லை.

இந்தக் குடும்பத்துக்குச் சொந்த ஊர் காரைக்கால். தாத்தாவுக்கு 76 வயது. ஊரில் 'சொல்தா' என்று சொல்வார்களே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்கள், அவர்களில் ஒருவர். 1962-ல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அவருடைய அப்பா போய்க் கையெழுத்துப் போட்டார். மகனுக்கு அப்போது 13 வயது. 19 வயதில் ராணுவ சேவைக்காக பிரான்ஸுக்குப் போனவர், பிறகு ஊரில் கல்யாணம் செய்துகொண்டு மனைவியையும் அழைத்துக்கொண்டார். இப்போது பாரிஸின் வடக்குப் புறநகரில் மகன், மருமகள், 16 வயதுப் பேத்தி, 10 வயதுப் பேரன் எல்லோரும் ஒரே வீட்டில்.

மகன் பஸ் டிரைவர், மருமகளுக்கு மருத்துவமனை வேலை. இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் பிப்ரவரி பள்ளி விடுமுறைக்கு ஏழு இரவு கரீபியன் கப்பல் பயணம் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு தடவையாவது நல்ல இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று மகன் அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அது மகனுக்கும் தாத்தாவுக்கும் மட்டும் தெரியும்.

கரீபியன் கப்பல் என்றாலே மயாமியில் இருந்து கிளம்புவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் குவாதலூப், மார்தினிக் தீவுகளில் இருந்தும் பெரிய கப்பல்கள் புறப்படுகின்றன. இரண்டுமே இன்றைக்கும் பிரான்ஸின் பகுதிகள். பாரிஸில் இருந்து எட்டரை மணி நேரத்துக்கு மேல் பறந்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி இறங்கினால், அதே யூரோ, அதே போஸ்ட் ஆபீஸ். "இவ்ளோ தூரம் வந்தும் பிரான்ஸுதானா?" என்று பேரன் ஏமாந்துபோனான். ஆனால் நடுவில் வரும் ஆங்கிலம் பேசும் தீவுகள் தனி நாடுகள் என்பதால் பாஸ்போர்ட் கட்டாயம். அடையாள அட்டையை நம்பி வந்த ஒரு குடும்பம் இவர்கள் கண்ணெதிரிலேயே துறைமுகக் கவுன்டரில் நின்று வாதாடிக்கொண்டிருந்தது.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இங்கே சீசன். பிப்ரவரியில் மழை குறைவு. வெயிலும் நம் மார்கழிப் பகல் போல இதமாகத்தான் இருக்கும்.

ஜன்னல் இல்லாத உள்ளறை, பால்கனி அறையைவிட விலை குறைவு. மகன் இரண்டு உள்ளறைகள் எடுத்திருந்தார். அது தப்பாகிவிட்டது என்று இப்போது சொல்கிறார். இளசுகளுக்குச் சரி, வயதானவர்களுக்கு எப்போது விடிந்தது என்றே தெரியவில்லை. அப்பாயி விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஐந்து என்று நினைத்துக்கொண்டு குளித்துவிட்டார். சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம், ஆனால் குளிர்பானம், இன்டர்நெட், தினசரி டிப்ஸ் எல்லாம் தனிக் கணக்கு. கடைசி நாள் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவதைவிட, தினமும் அறை டிவியில் பார்த்துக்கொள்வது நல்லது என்பது மருமகளின் அனுபவம்.

செயின்ட் லூசியாவில் கடலில் இருந்து செங்குத்தாக எழும் இரட்டை மலைகளைப் பார்க்கப் போனார்கள். பெரியது 798 மீட்டர், சின்னது 743. கப்பல் கம்பெனி நடத்தும் டூர் விலை அதிகம் என்று வெளியே டாக்ஸி பிடித்தார்கள். காஸ்த்ரீஸ் துறைமுகத்தில் இருந்து அங்கே போகிற சாலை முழுக்க வளைவுகள். திரும்பும்போது போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, ஏற வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். கம்பெனி டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அன்றிரவு கப்பல் பார்படோஸுக்குத் திரும்பியது. மற்ற தீவுகள் வரிசையாக இருக்க, பார்படோஸ் மட்டும் கிழக்கே தள்ளி அட்லாண்டிக்கில் தனியாக நிற்கிறது. அதனால் அந்தப் பக்கம் அலை அதிகம். தலைசுற்றலில் அப்பாயி படுத்துவிட, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சி மிட்டாயை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் கேட்டால் முழுக்கப் புரியும். பதில் மட்டும் பிரெஞ்சில்தான் வரும். பாட்டி தமிழில் கேட்பார், பேத்தி பிரெஞ்சில் சொல்வாள். 16 வருடமாக இருவருக்கும் இதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

காலையில் பிரிட்ஜ்டவுன். கென்சிங்டன் ஓவல் மைதானத்தின் வாசலில் நின்றதும் மகனுக்குக் கால் தரையில் இல்லை. 2024 ஜூன் 29-ம் தேதி தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று இந்தியா டி20 உலகக் கோப்பையைத் தூக்கிய இடம். சூர்யகுமார் யாதவ் எல்லைக்கோட்டில் பிடித்த கேட்சைக் கையை ஆட்டி ஆட்டி மகனுக்கு நடித்துக் காட்டினார். ஃபுட்பால் தவிர வேறொன்றும் தெரியாத பையன், "கோட்டுக்கு வெளிய போயிட்டு வந்தா அது எப்படி அவுட்?" என்று கேட்டான். விளக்கம் டாக்ஸியில் முக்கால் மணி நேரம் ஓடியது.

மேல்தளத்தில் ஒரு பேச்சு

அன்று மாலை மேல்தளத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதுதான் தாத்தா அந்த விஷயத்தைச் சொன்னார். வருகிற ஆடிக்கு முன்னால் காரைக்காலுக்கே போய்விடப் போகிறார். வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியாகிவிட்டது. "அம்பது வருஷத்துக்கு மேல குளிர்ல இருந்தாச்சு. இனிமே நம்ம மண்ணுல இருப்போம்."

யாரும் பேசவில்லை. நீச்சல் குளத்துப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி எழுந்து போய்விட்டாள். மருமகள் மாமனாரைப் பார்த்து, "அத்தை என்ன சொன்னாங்க மாமா?" என்று கேட்டார். தாத்தாவிடம் பதில் இல்லை.

"அவரு முடிவு பண்ணிட்டாரு. என்கிட்ட யாரு கேட்டா?" என்றார் அப்பாயி. குரலை உயர்த்தவே இல்லை. "அன்னிக்கு இங்க வான்னாரு, வந்தேன். இன்னிக்கு அங்க போகலாங்கறாரு."

அடுத்த இரண்டு நாள் கப்பலில் இந்தக் குடும்பம் இரண்டு மேஜைகளில் சாப்பிட்டது. கப்பலில் ஒரு சங்கடம், கோபித்துக்கொண்டு போக இடம் கிடையாது. எந்தத் தளத்துக்குப் போனாலும் சாப்பாட்டு நேரத்தில் எதிரில் வந்தாக வேண்டும்.

கிரெனடாவில் ஜாதிக்காய்தான் ராஜா, நாட்டுக் கொடியிலேயே அதைப் போட்டிருக்கிறார்கள். சந்தையில் சிவப்புப் பத்திரியோடு ஜாதிக்காயைக் கண்டதும் அப்பாயிக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற மருந்தாயிற்றே! மார்தினிக்கில் மகனும் பேரனும் மட்டும் சேன்-பியருக்குப் போனார்கள். 1902 மே 8-ம் தேதி பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் அழிந்த ஊர். 28,000 பேர் வரை இறந்ததாகக் கணக்கு. தடித்த கல்சுவர் கொண்ட சிறை அறையில் இருந்த கைதி ஒருவர் பிழைத்தார். அந்த அறை இன்னும் இருக்கிறது.

அதே துறைமுகத்தில்தான் 1853-ல் இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் வந்து நின்றது. பெயர் 'ஒரேலி'. 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு ஏற்றினார்கள். மார்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல். குவாதலூப்புக்கு 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தொடங்கி, சுமார் 42,000 பேர். வேறு இடங்களில் இருந்து வந்தவர்களும் உண்டு என்றாலும் தமிழர்கள் ஏராளம்.

தாத்தாவுக்கு இது அரைகுறையாகத் தெரியும். பட்டாளத்தில் அவரோடு குவாதலூப்காரர் ஒருவர் இருந்தாராம். கறுத்த முகம், சுருட்டை முடி, பெயர்ப் பட்டையில் 'ராமசாமி'. "தமிழான்னு கேட்டேன். பிரெஞ்சுக்காரன்னு சொன்னான். எனக்குக் கோவம் வந்துச்சு. என்கிட்ட கேட்டிருந்தா நானும் அதைத்தானே சொல்லியிருப்பேன்?"

கடைசி நாள்

கப்பல் காலையில் குவாதலூப்பில் இறக்கிவிட்டுவிடும். பாரிஸ் விமானம் மாலையில்தான். நடுவில் கிடைக்கும் அந்தப் பகலைப் பலர் துறைமுகக் கடைகளில் கழிக்கிறார்கள். இவர்கள் ஒரு வேன் பிடித்து காபெஸ்டெர்-பெல்-ஓ ஊருக்குப் போனார்கள்.

வாழைத்தோப்புகளுக்கு நடுவே ஓடும் நெடுஞ்சாலை. ஓர் இடத்தில் டிரைவர் சொல்லாமலே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாலையோரத்தில் சிற்பங்களோடு கோயில் கோபுரம். ஷாங்ஷி கோயில் என்கிறார்கள். இங்கே மாரியம்மனுக்குப் பெயர் 'மாலியேமேன்', மதுரை வீரனுக்கு 'மால்தெவிலேன்'. வேப்பிலை 'வெபெலெ' ஆகியிருக்கிறது. அடிக்கிற மேளம் மத்தளமும் தப்பும்.

இந்த ஊரில் 1863-ல் பிறந்தவர் ஆன்ரி சிதாம்பரோம். பெயரிலேயே சிதம்பரம் இருக்கிறது. கூலிகளின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-ல் வழக்குப் போட ஆரம்பித்தவர், 1923-ல்தான் வென்றார். தன் அப்பா ஒரே கையெழுத்தில் தக்கவைத்துக்கொண்ட உரிமைக்கு இங்கே 19 வருடம் ஆனதை, தாத்தா டிரைவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கோயில் வாசலில் வேப்பிலை உருவிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, அப்பாயியின் புடவையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்குத் தமிழ் வராது. இவருக்கு பிரெஞ்சில் கடைக்குப் போகிற அளவுதான் வரும். நடுவில் பேத்தி.

தன் அப்பா சாமி கும்பிடும்போது பாடுவது என்று சொல்லி மூதாட்டி இரண்டு மூன்று வரி பாடிக் காட்டினார். ராகம் நம் ஊர் அம்மன் கோயில் ராகம். வார்த்தைகள் மட்டும் தேய்ந்திருந்தன. அர்த்தம் என்ன என்று இத்தனை வருடமாகத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அப்பாயி மறுபடி பாடச் சொன்னார். இன்னொரு தரம். "தாயேன்னு வருது பாப்பா. அப்புறம் புள்ளைங்களைக் காப்பாத்துன்னு வருது. நடுவுல ஒண்ணு புரியலை."

பேத்தி அதை பிரெஞ்சில் சொன்னாள். பிறகு மூதாட்டி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாயிக்கு பிரெஞ்சில் சொன்னால் விளங்காது. அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறி, "அவங்க... அவங்களோட தாத்தா... காரைக்கால்ல ஏறினாங்களாம். பேப்பர்ல இருக்காம். எந்த ஊருன்னு தெரியாதாம்" என்றாள். முழு வாக்கியமாகத் தமிழ். தாத்தா அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடுவதுபோல வாசல் பக்கம் போய்விட்டார்.

கிளம்பும்போது மூதாட்டி ஒரு பொட்டலம் கொடுத்தார். கொலோம்போ பொடி. தீவில் கோழி, ஆட்டுக்கறி எல்லாவற்றுக்கும் இதுதான். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். கொழும்பு நகரின் பெயர் என்று சிலர், 'குழம்பு'தான் அப்படி ஆனது என்று சிலர். அப்பாயி முகர்ந்து பார்த்துவிட்டு, "மொளகா பத்தாது" என்றார்.

விமான நிலையத்தில் காத்திருந்தபோது அவர் தன் கணக்கைச் சொன்னார். "ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. லீவுக்குப் பாப்பாவை அனுப்பணும். சரின்னா நானும் வரேன். இல்லேன்னா நீங்க மட்டும் போய் இருங்க."

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. இரவு முழுக்க விமானத்தில் தூங்கவும் இல்லை. காலையில் ஓர்லியில் பெட்டிக்காக நிற்கும்போது மகனிடம் கேட்டார், "சென்னைக்குப் போக வர எவ்வளவு ஆகும்?"

இதுவரை அவர் கேட்டதெல்லாம் போவதற்கான டிக்கெட் விலை மட்டும்தான். டிக்கெட் இன்னும் போடவில்லை. ஜூலையில் விலை ரொம்ப அதிகமாம்.