காருக்குள் புகும் மழைநீர்

இலங்கையில் கார் வைத்திருப்போர் பலரும் அதனைப் பிள்ளையைப் போலப் பேணுகின்றனர். இதற்குக் காரணம் ஆடம்பரமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், வரிச்சுமை காரணமாக நடுத்தர வருமானமுடையோர் பலருக்குப் புதிய வாகனம் எட்டாத பொருளாயிற்று. ஆகவே, கையிலிருக்கும் வாகனத்தைத் துருவேறவிடாது காப்பதே வழி. ஓடும் காரைவிட நிறுத்திவைத்த காரிலேயே இந்த அழிவு ஓசையின்றி நடக்கிறது.

2022 யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விநியோகம் நிறுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொழும்பின் ஒழுங்கைகளில் கார்கள் வாரக்கணக்கில் அசையாது நின்றன. அது தென்மேல் பருவப்பெயர்ச்சி மழைக்காலமும்கூட. வேப்பமரத்தின் கீழ் நின்ற எனது பழைய யப்பானியக் காரின் கதவைத் திறந்தபோது பூஞ்சண வாடை முகத்திலடித்தது. முன்பக்க இடது ஆசனத்தருகே விரிப்பை அழுத்தினால் நீர் ஊறிவந்தது.

முதலில் பார்த்த கராஜில், முன்கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கன் பசை பூசிப் பணம் வாங்கினார்கள். அடுத்த மழைக்கும் நீர் வந்தது. பின்னர், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் தொழில் செய்த முதிய திருத்துநர் ஒருவரை அழைத்தேன். அவர் பசையைத் தொடவேயில்லை. "ஐயா, ஈரம் நிக்கிற இடம் வேறை, தண்ணி வாற இடம் வேறை. முதல்லை அதைக் கண்டுபிடிப்பம்" என்றார்.

விரிப்பை உயர்த்தி, தரையை உலரத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்பச் சொன்னார். பத்திரிகைத் தொழிலிலேயே காலம் கழித்தவன் வீட்டில் அவற்றுக்கா பஞ்சம்? நான் ரோர்ச் லைற்றுடன் உள்ளே அமர்ந்தேன். அவர் வெளியே தண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறந்து, கதவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் இடமாகச் சில நிமிடங்கள் நனைத்தார். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடங்களையும் நனைத்துவிடும். எது வாசல் என்று தெரியாது. கதவுகளை நனைத்தபோது தாள்கள் உலர்ந்தே இருந்தன. வைப்பர்களின் அடியில் நீர் விழுந்த சிறிது நேரத்தில் இடப்பக்கத் தாள் கறுத்து நனைந்தது.

பொனட்டைத் திறந்து, வைப்பர்களின் அடியிலுள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு கைப்பிடி வேப்பஞ்சருகு சேறாகி, நீர் வடியும் துவாரத்தை அடைத்திருந்தது. வடிய வழியற்ற மழைநீர் அங்கே தேங்கி உயர்ந்து, வெளிக்காற்றை உள்ளெடுக்கும் வாய்வழியே காருக்குள் இறங்கியிருக்கிறது. சருகை அள்ளியதும் ஒழுக்கு நின்றது.

இதேபோல் வேறு வாசல்களும் உண்டு. கதவுக் கண்ணாடியோரம் இறங்கும் நீர், கதவின் அடியிலுள்ள துவாரங்களால் வெளியேற வேண்டும். அவை அடைபட்டாலோ, கதவின் உட்புறத்திலுள்ள பிளாஸ்ரிக் தாள் கிழிந்தாலோ நீர் உள்ளே வரும். பின்விளக்குகளின் இறப்பர் நைந்தால், மேலதிகச் சில்லு வைக்கும் குழியில் நீர் தேங்கும். மழையில்லாத நாளில் தெளிந்த நீர் சொட்டினால், குளிரூட்டியின் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது மழைநீரல்ல, இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம்.

ஒழுக்கை அடைத்ததோடு வேலை முடிவதில்லை. விரிப்பின் அடியிலுள்ள பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேற்புறம் உலர்ந்தாலும் அடிப்புறம் ஈரமாகவே இருக்கும். அதனைத் தூக்கி வெயிலில் உலர்த்தாவிடில் தரைத்தகடு துருவேறும், அவ்வழியே செல்லும் மின்கம்பிகளின் இணைப்புகளும் கெடும். எமது காரின் விரிப்பு முழுமையாக உலர நான்கு நாட்கள் பிடித்தன.

மரநிழலில் காரை நிறுத்துவோர் மாதமொருமுறையேனும் பொனட்டைத் திறந்து சருகுகளை அகற்றுவது நல்லது. அதற்குப் பணமும் தேவையில்லை, பசையும் தேவையில்லை. பருவமழை தொடங்குமுன் ஒரு கால்மணி நேரம் போதும்.