வேர்க்கக் கூடாத ஊர்

எங்கள் ஆத்தூரில் தோப்பில் பாத்தி வெட்டுகிற ஆளின் முதுகு நனைந்திருந்தால்தான் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். நார்வேயின் வடதுருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை நான் அதற்காகவே திட்டுகிறேன். பனியில் ஏறும்போது உள்சட்டை வேர்வையில் நனைந்துவிட்டால், நின்றதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். புறப்படும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும். சூடேறப் போகிறது என்று தெரிந்ததுமே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். தோலை ஒட்டி உடுத்துவது கம்பளிதான். பருத்தி நனைந்தால் லேசில் காயாது. சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் பருத்தியைப் பழிக்க வேண்டியிருக்கிறது!

ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியன் 78 பாகை வடக்கில் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் போகிற சூரியன், மலை மறைப்பதால், மார்ச் 8 வாக்கில்தான் ஊருக்குள் எட்டிப் பார்க்கும். ஊர் எல்லை தாண்டினால் துருவக்கரடியை விரட்டும் கருவி கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கண் மின்னும். நான் பாடம் எடுப்பதோ பெரும்பாலும் கூடாரத்தை எங்கே போடுவது, சாப்பாட்டை எவ்வளவு தள்ளி வைப்பது, இரவில் யார் முறை காப்பது என்பதைப் பற்றித்தான். கரடியைச் சுட நேர்ந்தால், அதற்கு முன்பே எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம்.

பனியை வெட்டிக் கடலில் குதிக்க வைக்கும் நாள்தான் கடினம். எங்கள் ஊர்ப் பையன்கள் கிணற்றில் விழுந்ததும் கையை அடிப்பார்கள். இங்கே முதல் ஒரு நிமிடம் எதுவும் செய்யக் கூடாது. குளிர் தாக்கியதும் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அது அடங்க வேண்டும். பிறகு கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கழுத்தில் தொங்கும் கூர்முனைகளைப் பனியில் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து வெளியேற வேண்டும்.

1920 ஸ்வால்பார்டு உடன்படிக்கையின்படி இங்கே வாழ விசா வேண்டாம். வழியிலுள்ள நார்வே பெருநிலத்துக்குத்தான் வேண்டும். ஆனால் எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் அது நார்வேயில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குக் கணக்கில் வராது. முதியோர் இல்லம் கிடையாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஆளுநர் வெளியேற்றலாம்.

இதை அம்மாவிடம் சொன்னேன்.

"வயசானா ஊருக்கு அனுப்பிருவாங்களா? நல்ல நாடுதான்டா" என்றார்.