எங்கட வாசலில ஒரு போலர்

டயர் தேயேல்லைத்தான்.
ஆனா டயரின்ர பக்கத்தில குத்தியிருக்கிற குறியீட்டின்ர கடைசி நாலு எண்ணையும் பாருங்கோ.
எங்கடதில 2312.
2012ஆம் ஆண்டு, 23ஆவது கிழமை செய்தது!
ஓடாமல் நிண்டாலும் ரப்பர் கிழடாகும். 401 நெடுஞ்சாலையில வெடிச்சால்?
ரெண்டையும் மாத்தியாச்சு.

இது போலர். 1968இல ரே ஒலெக்கோ வின்னிபெக்கில செய்யத் தொடங்கின 13 அடி ஃபைபர்கிளாஸ் ட்ரெயிலர்.
மேல் பாதியும் கீழ் பாதியும் இடுப்பில பொருத்தினது. ஃபைபர்கிளாஸ் எண்டதால சுவர் உக்காது.
நிலம்தான் பிளைவுட்.
கூரை மூடியாலயும் யன்னலாலயும் றிவெட் ஓட்டையளாலயும் இறங்கிற தண்ணி அங்கதான் போய்த் தேங்கும்.
கதவடியில விரலால அமத்தினன். ஊறின பாண் மாதிரி உள்ள போகுது.

ஒழுக்கை நிப்பாட்டாமல் புதுப்பலகை போட்டால் அதுவும் உக்கும்.
ஸ்காபரோ வெயிலில ஒவ்வொரு யன்னலாக் கழட்டி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் ஒட்டுறன்.

அம்மாவுக்குக் கூடாரத்தில நிலத்தில படுத்தெழும்ப ஏலாது.
அல்கொன்குயின் பூங்காவில ஏரிக்கரையில அவ கட்டிலில நித்திரை கொள்ள வேணும். அதுக்காகத்தான் இவ்வளவும்.

கதவடித் துண்டை மட்டும் வெட்டி மாத்தலாமோ, முழு நிலத்தையும் கழட்டுறதோ?
செய்த ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?