அத்தங்காளின் மூக்கு

அத்தங்காளுக்கு மூக்கு இருக்கிறது. வைரப் பேஸரி போட்டுக்கொள்வதற்கு அது போதும். வாசனை தெரிந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஏதோ ஒரு ஜுரத்தில் போனது, திரும்பவில்லை. சாத்தமுதில் பெருங்காயம் போதுமா என்று பக்கத்திலிருப்பவர்களைத்தான் கேட்பாள். 2018 மார்கழி வரையில் நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகவே வைத்துக்கொண்டிருந்தோம்.

பகல்பத்து உற்சவம் சேவிக்க ஸ்ரீரங்கம் போய், உத்தர வீதியில் அவள் அகத்தில் தங்கியிருந்தேன். விடியற்காலை நாலரை மணி. பனிக்குப் பயந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கூடத்தில் பாயில் படுத்திருந்த என் முகத்தில் அழுகின கோஸ் நாற்றம் அடித்தது. எழுந்து நின்றால் அவ்வளவாக இல்லை, குனிந்தால் குமட்டிற்று. தளிகை உள்ளில், விடிவிளக்கு வெளிச்சத்தில், அத்தங்காள் காபிக்காக லைட்டரைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மூட்டாதே!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எழுந்துவிட்டார்கள். அவளைச் சொல்வானேன், என் கையும் ஸ்விச்சைத்தான் தேடிப் போயிற்று. அந்தச் சின்னப் பொறியே போதுமென்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. இருட்டில் தடவி ரெகுலேட்டரை மூடினேன். முற்றத்துக் கதவைத் திறந்தேன்.

ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டிய குழாய்க்கு எட்டு வயசு. தேதி அதன்மேலேயே அச்சாகியிருக்கிறது. படித்தவன் நான், எத்தனையோ தடவை வந்து காபி சாப்பிட்டுப் போனவன், ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா?

அவள் பிள்ளை சீமையில் பாய்மரப் படகொன்றில் வேலையாயிருக்கிறான். டெலிபோனில் விஷயத்தைக் கேட்டவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"மாமா, அந்த காஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டுமென்று மெர்காப்டன் கலக்கிறார்கள். அதிலுள்ள புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ப்யூட்டேன் இரண்டு மடங்கு. தண்ணீர் மாதிரி பள்ளம் தேடும். நம்மாத்தில் முற்றம் இருந்தது, பிழைத்தோம். படகில் முற்றம் ஏது? அடித்தட்டில் குளமாகத் தேங்கிவிடும்."

அதற்காகவே படகில் சிலிண்டருக்குத் தனிப் பெட்டியாம். பெட்டியின் அடியில் கடலுக்கு வெளியே போகிற துவாரமாம். சிலிண்டரைத் திறந்து மூடி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று சில நிமிஷம் பார்ப்பானாம். இறங்கினால் அன்றைக்கு ரொட்டிதான். சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடுவானாம். குழாயிலிருக்கிற மிச்சம் எரிந்து அடுப்பு தானாக அணைய வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு, அம்மாவைத் தில்லைநகரில் மூன்றாம் மாடி வீட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்றான்! அத்தங்காள் டெலிபோனைப் பிடுங்கினாள்.

"ஏண்டா, முற்றம் இருந்ததால் பிழைத்தேன் என்கிறாய். அங்கே முற்றம் இருக்கோ?"

அவன் பதில் எனக்குக் கேட்கவில்லை.

புதுக் குழாய் வந்தது. இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று நானே பார்த்தேன். கசிவு கண்டால் கத்துகிற பெட்டி ஒன்றையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டினோம். "காதாவது கேட்கிறதே" என்றாள் அத்தங்காள். ஆனால் மின்சாரம் போனால் பெட்டி ஊமை. ஆகவே விடியற்காலை பூக்காரி வந்து உள்ளே குனிந்து முகர்ந்து, "ஒண்ணுமில்லே மாமி" என்ற பிறகே அடுப்பு எரிகிறது. அவளுக்கும் ஒரு டம்ளர் காபி உண்டு. அவளுக்கு ஜலதோஷமென்றால் பால்காரன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.